சதுர அடிக்கு வெளியே போன பணம்

என் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெருக்கல்தான் இருக்கிறது. 1,150 சதுர அடி பெருக்கல் 2,200 ரூபாய். விடை 25,30,000 ரூபாய். அடியில் இரட்டைக் கோடு இழுத்து, 2024 நவம்பர் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு வருடம் காசாளராக இருந்தவள் போட்ட கணக்கு. கடைசிப் பக்கத்தில் நிற்கும் தொகை 36,97,600. இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். குழந்தைகள் காப்பகம் கட்ட நினைப்பவர்கள் யாராவது என் முதல் பக்கத்தைப் போல ஒன்றை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கக்கூடும்.

எங்களுடையது திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. காலை ஏழரைக்குப் பனியன் கம்பெனி வேன்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் தப்பித்தன. மற்றவர்களுக்காக நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்து, வாடகைக்கு எடுத்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஆறு வருடமாகக் காப்பகம் நடத்திவந்தோம். ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை முப்பது பேர். சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் பெரியவர்களாலேயே உட்கார முடியாது. ஒரு குடும்பத்தார் பன்னிரண்டு சென்ட் நிலம் எழுதிக் கொடுத்தார்கள். கையில் 26 லட்சம் இருந்தது. 25,30,000 அதற்குள் அடங்கிவிட்டதில் எனக்கு அத்தனை பெருமை.

சதுர அடிக்கு 2,200 என்பது எங்கள் ஊரில் அப்போது வீடு கட்டுகிற எல்லோரும் சொன்ன தொகை. சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அங்கன்வாடிக் கட்டடத்துக்கு அரசு அப்போது வைத்திருந்த கணக்கைத் தேடிப் பிடித்தேன். குறைந்தது 600 சதுர அடி, ஒரு கட்டடத்துக்கு 12 லட்சம். அதில் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 8 லட்சம், நிதிக்குழு மானியத்தில் 2 லட்சம், துறையின் பங்கு 2 லட்சம். வகுத்தால் சதுர அடிக்கு 2,000. நாம் 200 ரூபாய் கூடவே வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். வீடு கட்டியவர் சதுர அடிக்கு இவ்வளவு ஆனது என்று சொல்லும்போது மதில், தண்ணீர்த் தொட்டி, நிரவல் மண், கரண்ட் வைப்புத்தொகை எதையும் சேர்த்துச் சொல்வதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் அடி மண்ணில் விழுந்தது. 2025 தை மாதம் பூஜை முடிந்த மறுநாள், பொறியாளர் தம்பியும் மேஸ்திரியும் ட்யூப் லெவல் பிடித்தார்கள். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையைச் சாலையிலும் மறுமுனையை நிலத்தின் நடுவிலும் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எங்கள் நிலம் சாலையைவிட இரண்டு அடி பள்ளம். நான் உடனே நோட்டை எடுத்தேன். 5,200 சதுர அடி, இரண்டு அடி உயரம், 10,400 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், ஆக 104 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 35 நடை. மேஸ்திரி சிரித்தார்.

“அம்மணி, லாரியில் வருகிற மண் உப்பியிருக்கும். தண்ணீர் விட்டு இடித்தால் உட்கார்ந்துவிடும். உங்கள் கணக்கில் மண் உட்காரவே இல்லையே.”

42 நடை ஆனது. நடைக்கு 3,800 வீதம் 1,59,600 ரூபாய். எதிர்பாராச் செலவு என்று ஐந்து சதவீதம், 1,26,500 ரூபாய், தனியாக எழுதியிருந்தேன். ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே அது முழுவதும் மண்ணுக்குள் போய், மேலே 33,100 கடனாகவும் நின்றது.

கூலியை மட்டும் ஒப்பந்தமாகப் பேசிவிட்டு, சாமான்களை நாங்களே வாங்கினோம். இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சாமான் வாங்குகிறவர் அளக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கம்பி பரவாயில்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 888 கிராம். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணிக்கையால் பெருக்கி எடைச் சீட்டோடு வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. தொல்லை கொடுத்தது எம் சாண்ட், கல்லை உடைத்துச் செய்கிற மணல்.

ஏப்ரலில் குவாரி, கிரஷர்காரர்களின் வேலைநிறுத்தம் வந்தது. கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் வேலை நின்றது. திரும்ப லாரி வந்தபோது யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடியிருந்தது. 5,000 இருந்தது 6,000. அந்த விலைக்கு வந்த முதல் லோடைப் பார்த்தேன். நடுவில் கோபுரம் போலக் குவித்து, ஓரங்களில் பலகைக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆறடி எட்டு மில்லி கம்பி ஒன்றில் அங்குலத்துக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்திருந்தேன். லாரியின் மேலே ஏறி (அறுபத்திரண்டு வயதில் புடவையைச் செருகிக்கொண்டு ஏறியதை என் மருமகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்) ஒன்பது இடத்தில் அந்தக் கம்பியை அடிப்பலகை தட்டும் வரை குத்தினேன். சராசரி இரண்டு அடி ஏழு அங்குலம். பெட்டியின் நீளம் 14 அடி, அகலம் 7 அடி. பெருக்கினால் 253 கன அடி. மூன்று யூனிட் என்று சீட்டு. உள்ளே இருந்தது இரண்டரை யூனிட்டும் கொஞ்சமும். ஒரு லோடில் 2,820 ரூபாய் காற்றுக்கு விலை.

ஓட்டுநர் பையன் வரும் வழியில் குலுங்கிக் குறைந்துவிட்டது என்றான். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அரை யூனிட் குலுங்குகிற சாலை எங்கள் ஊரில் இல்லை. கடைக்காரரோடு பேசி, அளந்த அளவுக்குத்தான் பணம் என்று முடிவானது. அதன் பிறகு வந்த லோடுகள் எல்லாம் மேலே சமமாக இழுத்து விட்டே வந்தன.

இதையெல்லாம்விடக் குழந்தைகளுக்கென்று தனியாகப் போன செலவுதான் எனக்குப் பாடமே. கொட்டகையில் ஒருநாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், சுவரோரம் நிறுத்தி ஒவ்வொரு பிள்ளையாக அளந்தேன். மூன்று வயதுக்காரர்கள் 90 முதல் 97 சென்டிமீட்டர் வரை. பெரியவர்களின் கை கழுவும் தொட்டி தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கும். அதாவது அந்தப் பிள்ளையின் மோவாய் உயரம். பிளம்பர் நாலு பேசின் சொன்னார், சிறிய அளவு, தாங்கியோடு 19,000. விலை கேட்ட மேஸ்திரி, “மாட்டுக்குக் கட்டுகிற தொட்டி மாதிரி ஒன்று கட்டிவிடலாமே” என்றார். கேலியாகச் சொன்னாரோ என்னவோ, அதுதான் சரியான யோசனை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல்லால் நீளத் தொட்டி, உள்ளும் புறமும் டைல்ஸ், மேலே நாலு குழாய். மொத்தம் 11,500 ரூபாய். நாலு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை கழுவுகிறார்கள்.

கழிவறைப் பீங்கான் விஷயத்தில் இப்படி மலிவு வழி எதுவும் கிடைக்கவில்லை. சின்னது பெரியதைவிட விலை அதிகம். மூன்று வாங்கினோம்.

ஜன்னல் கிரில்லுக்குக் கூடுதல் செலவு இல்லை, கவனம்தான் வேண்டும். பட்டறைக்காரர் வழக்கமான வீட்டு டிசைனைக் காட்டினார், குறுக்குக் கம்பிகளும் நடுவில் பூவும். குறுக்குக் கம்பி என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏணி. நெடுக்குக் கம்பி மட்டும், இடைவெளி நாலு அங்குலத்துக்கும் குறைவாக என்று கேட்டதும், ஜெயில் மாதிரி இருக்குமே என்று முகம் சுளித்தார். இருந்துவிட்டுப் போகட்டும். பிளக் பாயிண்டுகளை ஐந்து அடிக்கு ஏற்றினோம். அதற்காக ஒயர் இரண்டு சுருள் கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

சமையலறைதான் குழுவில் பெரிய சண்டையைக் கிளப்பியது. மே மாதக் கூட்டத்தில் நான் பற்றாக்குறையைப் படித்ததும், எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு வழி சொன்னார். சமையலறையைத் தனியாகத் தள்ளி வைக்காமல் கூடத்தின் மூலையிலேயே வைத்துவிட்டால் இரண்டு சுவரும் நடைபாதையின் தளமும் மிச்சம். 1,10,000 ரூபாய் குறையும். கணக்கு சரியாகவே இருந்தது. பேசாமல் தலையாட்டியிருப்பேன். ஆனால் 2004 ஜூலை 16 அன்று வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு, மதியத்துக்குப் பிறகு பணம் எண்ண ஓடாமல் போனது நினைவுக்கு வந்தது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையல் கூரையில் பற்றிய தீ, வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போன நாள்.

“ஐயா, கும்பகோணம்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வருடம் தன் பள்ளியின் கீற்றுக் கொட்டகைகளை அவரே நின்று பிரித்தவர். தீர்மானப் புத்தகத்தில் அந்த யோசனையை எழுத வேண்டாம் என்றார். சமையலறை எட்டு அடி தள்ளியே நிற்கிறது. காஸ் சிலிண்டர் வெளிச்சுவரை ஒட்டிய கிரில் கூண்டில். கூடத்துக்கு எதிரெதிராக இரண்டு வாசல். இரண்டாவது கதவுக்கு 14,500. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றதற்குத் தச்சர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மகாலட்சுமி உள்ளே வருவதற்குத்தான் கதவு உள்ளே திறக்கிறது என்றார். மகாலட்சுமி நல்ல நேரத்தில் வருவாள், பிள்ளைகள் கெட்ட நேரத்தில் வெளியே ஓட வேண்டுமே என்று சொல்லி, நிலையில் கீல் வெட்டும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

தளம் ஆடியில் போட வேண்டாம் என்று ஆவணி முதல் வாரத்துக்குத் தள்ளினார்கள். கம்பி கட்டி முடிந்த அன்று மாலை மேலே ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வேப்பமரக் கிளையில் சித்தாள் ஒருத்தியின் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. பழைய புடவை, நடுவில் விரிந்து நிற்க ஒரு குச்சி. அவள் ஏணியில் பாதி ஏறி நின்று என்னிடம் கேட்டாள்: “அம்மா, சின்னக் குழந்தைகள் படுக்கிற அறை எது? கொக்கி எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

வரைபடத்தில் கொக்கி இல்லை. பொறியாளர், நான், பதினோரு அறங்காவலர்கள் யாருக்கும் தோன்றவில்லை. பட்டியலில் ஆறு மரத் தொட்டில்கள், ஒன்று 6,500 ரூபாய் என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட். கம்பி கட்டுகிற பையன் மிச்சமிருந்த 12 மில்லி துண்டுகளை வளைத்து ஆறு கொக்கிகள் செய்து, அடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டி, நுனியை, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகட்டின் துளை வழியாகக் கீழே விட்டான். டார்ச் வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம். செலவு ஒன்றும் இல்லை. 39,000 ரூபாய்த் தொட்டில் வரியை அன்றிரவே அடித்தேன். இந்த முழு நோட்டிலும் நான் சந்தோஷமாக அடித்த வரி அது ஒன்றுதான். கொக்கியைத் தளம் போட்ட பிறகு நினைத்திருந்தால் துளை போட்டு போல்ட் வைக்க வேண்டும். குழந்தை தொங்குகிற இடத்தில் அதை நான் நம்ப மாட்டேன்.

தளத்துக்கு 1,150 சதுர அடி, ஐந்து அங்குல கனம். பதின்மூன்றரை கன மீட்டருக்கு மேல். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் வைத்தால் 109 மூட்டை. பீம்களையும் சேர்த்து 131 ஆனது. தண்ணீர் நிறுத்தி வைத்து நனைக்கிற செலவை எந்த மதிப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை. கட்டி முடியும் வரை தண்ணீர் லாரி 28 நடை, நடைக்கு 900, ஆக 25,200. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. நாங்கள் தளத்தை முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பூச்சு வேலைக்கு வாங்கிய 180 மூட்டைக்கு மட்டும் மூட்டைக்கு 30 ரூபாய் வீதம் 5,400 மிச்சம். அந்த முப்பதைக் குறைக்கவும் கடையில் பழைய சரக்கு, பழைய விலை என்று நாலு நாள் இழுத்தார்கள்.

கட்டடம் மட்டும் 27,10,000இல் முடிந்தது. முதல் பக்கத்தோடு ஒப்பிட்டால் 1,80,000தான் கூடுதல். அதுவும் போர்டிகோ, முகப்பு அலங்காரம், கிரானைட் படி, வெளிப்பூச்சுக்கு மேல் புட்டி எல்லாவற்றையும் வெட்டிய பிறகு. வெளிச்சுவர் வெறும் வெள்ளை அடித்து நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் வேலை இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறார்கள்.

மீதி எல்லாம் கட்டடத்துக்கு வெளியே போனது. மண்ணைச் சொல்லிவிட்டேன். மதில் 210 அடி, அடிக்கு 1,300, ஆக 2,73,000. நாலாவது பக்கம் அடுத்த வீட்டாரின் சுவர் இருந்ததால் தப்பித்தோம். தரையடித் தொட்டி 1,32,000. செப்டிக் டேங்க் 85,000. மின் இணைப்பும் வைப்புத்தொகையும் 48,000. வரைபடம், அனுமதி, பட்டயப் பொறியாளரின் உறுதிச் சான்று, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு மதிப்பீட்டில் ஒரு சதவீதம், எல்லாம் சேர்த்து 92,000. கேட் 38,000. பாய், அலமாரி, அடுப்பு, பாத்திரம், மின்விசிறி 1,60,000. கூட்டினால் 9,87,600. வீட்டுக் கணக்கு போட்ட என் முதல் பக்கத்தில் இவற்றுக்கு ஒரு பைசா கிடையாது. இப்போது யாராவது என்னிடம் காப்பகத்துக்கு மதிப்பீடு கேட்டால், முதலில் நிலத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, சுவருக்கு வெளியே இருப்பதை எழுதச் சொல்கிறேன். அறைகளை அதற்குப் பிறகு வரையலாம்.

பற்றாக்குறை 10,97,600. ஒரு பனியன் நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 5 லட்சம் தந்தது. அங்கே வேலை செய்கிற ஒன்பது பெண்களின் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியலோடு போய் உட்கார்ந்தேன். மதிலை அடி அடியாக விற்றேன். நன்கொடை என்று கேட்டால் யோசிக்கிற ஊர், ஓரடிச் சுவர் 1,300 ரூபாய் என்றதும் பையில் கைவிட்டது. கல்யாண நாளுக்கு இரண்டடி, அப்பா திதிக்கு ஐந்தடி, பத்தாம் வகுப்பு தேறிய பேத்திக்கு ஓரடி. 168 அடி விற்று 2,18,400. அறங்காவலர்கள் வட்டியில்லாமல் 3 லட்சம் கைமாற்றுத் தந்தார்கள். 79,200 கடைப் பாக்கி நிற்கிறது. மீதி 42 அடி இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.

தரையடித் தொட்டியின் அளவை நானேதான் சொன்னேன். பேரூராட்சித் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒரு முறை வரும். பகல் நேரப் பள்ளிக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்பது வழக்கமான விதி. முப்பது பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள்; ஒரு நாளைக்கு 1,575 லிட்டர். எட்டில் ஒரு நாள் ஞாயிறு. ஏழு நாளைக்கு 11,025. பத்தடிக்கு எட்டடி, ஆழம் ஐந்தடி நாலு அங்குலம் வெட்டினால் 12,000 லிட்டர் பிடிக்கும். பூட்டுப் போட்ட இரும்பு மூடி. எல்லாம் சரி.

தை பிறந்து காப்பகம் திறந்தோம். முதல் திங்கட்கிழமையிலிருந்தே மாலையில் மூடியைத் திறந்து, மணல் லாரியைக் குத்திய அதே கம்பியை விட்டுப் பார்த்துவந்தேன். அந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 189 லிட்டர். என் கணக்குப்படி நாளுக்கு எட்டரை அங்குலத்துக்குள் இறங்க வேண்டும். பதினோரு அங்குலம் இறங்கியது. மறுநாளும் பதினொன்று. மூன்றாம் நாள் காலையிலேயே போய்ப் பார்த்தேன். மாட்டுத் தொட்டியின் நாலு குழாயும் திறந்திருந்தன. முழங்கை வரை நனைந்து ஐந்தாறு பேர், ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கப்பலாக விட்டுக்கொண்டிருந்தார்கள். உயரம் அவர்களுக்கு அத்தனை சரியாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் கம்பி காய்ந்த தரையைத் தட்டியது. அடுத்த தண்ணீர் செவ்வாய்க்கிழமை. நோட்டில் மூடியிருந்த கணக்கைத் திறந்து, புதிய வரி எழுதினேன்: தண்ணீர் லாரி, 1 நடை, 900.